துணிப்பெட்டி வாசனை: லாவெண்டரின் வீட்டு வரலாறு

லாவெண்டர் துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. பெரும்பாலும் முழங்கால் உயரம்தான் வளரும். மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியை ஒட்டிய வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள் அதன் சொந்த நிலம். தேங்கும் நீரும் கொழுத்த மண்ணும் அதற்கு ஆகாது. கல்லும் வெயிலும் இருந்தால் போதும். சாம்பல் படர்ந்த ஒடுங்கிய இலைகளுக்கு மேலே நீண்ட காம்புகள் எழும். அவற்றின் நுனியில் ஊதாப் பூக்கள் கதிர்போல அடுக்கியிருக்கும். மருந்தாகவும் அத்தராகவும் இந்தச் செடி பெற்ற புகழ் பெரிது. ஆனால் நூற்றாண்டுகளாக அதை விடாமல் வளர்க்க வைத்தது துவைத்து மடித்த வெள்ளைத் துணிதான். அதன் வரலாற்றை வீட்டின் துணிப்பெட்டியிலிருந்து பார்த்தால் மற்றவை தெளிவாகும்.

லாவெண்டர் துணிப்பெட்டிக்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. மல்லிகையும் ரோஜாவும் இதழில் மணப்பவை. இதழ் வாடினால் மணமும் குறைந்துவிடும். லாவெண்டரின் எண்ணெய் பெரும்பாலும் இதழில் இல்லை. பூவைத் தாங்கி நிற்கும் சிறு குழல் போன்ற புல்லிவட்டத்தில் நீளவாக்கில் வரிகள் ஓடுகின்றன. அவ்வரிகளுக்கு இடையில், மென்மயிர்களுக்கு நடுவே, கண்ணுக்கு எளிதில் தெரியாத எண்ணெய்ச் சுரப்பிகள் பதிந்திருக்கின்றன. இதழ் உதிர்ந்த பின்னும் புல்லிவட்டம் காய்ந்து அப்படியே நிற்கும். சுரப்பிகளும் உடையாமல் இருக்கும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த உலர்பூவை விரல்களுக்கிடையில் கசக்கினால் சில சுரப்பிகள் உடைந்து மணம் மறுபடி எழுகிறது. எண்ணெய் வடிக்கும் வாலையோ கண்ணாடிக் குப்பியோ இல்லாத ஏழை வீட்டிலும் மணத்தைச் சேமித்து வைக்க முடிந்தது இதனால்தான்.

1753இல் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் இச்செடிகளுக்கு லாவண்டுலா என்ற பேரினப் பெயரை வகுத்தார். அதில் இன்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் சேர்க்கப்படுகின்றன. தக்காணத்துக் குன்றுகளிலும்கூட ஓரிரு காட்டினங்கள் உண்டு. வீட்டு வரலாற்றுக்கு மூன்று இனங்கள் போதும். மலைச்சரிவில் வளரும் மெல்லிய மணமுள்ள அசல் லாவெண்டர் ஒன்று. தாழ்நிலத்தில் வளரும், கற்பூர நெடி கலந்த அகன்ற இலை லாவெண்டர் மற்றொன்று. ஸ்பைக் எண்ணெய் என்ற பெயரில் விற்றது இதிலிருந்து எடுத்த எண்ணெய். பூக்கதிரின் உச்சியில் சிறு கொடிபோல ஊதா இதழ்கள் விரிந்து நிற்கும் ஸ்டீக்காஸ் லாவெண்டர் மூன்றாவது.

நூல்களில் முதலில் இடம்பெற்றது இந்த மூன்றாவது இனம். கிபி முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ், இன்றைய பிரான்சின் தென்கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் வளரும் ஒரு மூலிகையாக இதைக் குறித்து, இதன் கஷாயம் நெஞ்சு நோய்களுக்கு ஆகும் என்று எழுதினார். கிரேக்க மருத்துவ நூல்கள் அரபு மொழிக்குப் போனபோது செடியும் கூடவே போனது. உஸ்துகுத்தூஸ் என்ற பெயரில் அது யுனானி மருத்துவத்தில் நிலைபெற்று, மூளையைத் துப்புரவு செய்யும் துடைப்பம் என்ற அடைமொழியையும் பெற்றது. யுனானியோடு சேர்ந்து இந்தியாவுக்கும் வந்தது. தலைவலிக்கும் நாட்பட்ட சளிக்கும் யுனானி மருத்துவர்கள் தரும் இத்ரிபல் உஸ்துகுத்தூஸ் என்ற லேகியத்தில் இந்த மத்தியதரைப் பூ கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காயோடு ஒன்றாகச் சேர்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இயங்கும் தமிழ்நாட்டில், அத்தர் குப்பியும் பவுடர் டப்பாவும் வருவதற்கு முன்பே லாவெண்டரின் ஓர் இனம் மருந்தாகப் புழங்கியது.

அசல் லாவெண்டரின் கதை வேறு திசையில் நடந்தது. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அதைக் கொண்டுபோனவர்களில் கிறித்தவ மடத்துத் துறவிகள் முக்கியமானவர்கள். ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் மடத்துத் தலைவியாக இருந்த ஹில்டகார்ட், 12ஆம் நூற்றாண்டில் எழுதிய இயற்கை நூலில் லாவெண்டருக்குத் தனி இடம் கொடுத்தார். அது உண்பதற்கு ஏற்றதன்று, ஆனால் அதன் வாசனை கண்ணைத் தெளிவாக்கும், பேன் மிகுந்தவர்கள் அதை அடிக்கடி முகர்ந்தால் பேன் சாகும் என்பது அவர் கருத்து. முகர்ந்த மாத்திரத்தில் பேன் சாகாது. ஆனாலும் உடம்பிலும் உடையிலும் ஒட்டும் பூச்சிகளுக்கு எதிரான செடியாகவே அது பார்க்கப்பட்டது என்பது இக்குறிப்பில் தெரிகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் வீட்டுப் பெண்கள் அதை நட்டதும் இதே நோக்கத்தில்தான்.

அக்காலத்து ஐரோப்பிய வீட்டில் துணி துவைப்பது அன்றாட வேலை அன்று. வசதியான வீடுகளில் பல வாரங்களுக்கு, சில இடங்களில் பல மாதங்களுக்கு ஒருமுறை பெருந்துவைப்பு நடக்கும். ஆளிநாரில் நெய்த படுக்கை விரிப்பு, உள்ளாடை, மேசைத்துணி எல்லாம் அதுவரை சேர்ந்து கிடக்கும். அந்த நாளில் உயரமான மரத்தொட்டியில் துணிகளை மடித்து அடுக்குவார்கள். அடுக்கின் மேல் முரட்டுத் துணி ஒன்றை விரித்து, அதில் சலித்த விறகுச் சாம்பலைப் பரப்புவார்கள். கொதிநீரை மேலிருந்து ஊற்ற, அது சாம்பலின் காரத்தை இழுத்துக்கொண்டு துணிகளின் ஊடாக இறங்கி அடியிலுள்ள துளை வழியாக வெளியேறும். வெளியேறிய நீரைச் சுடவைத்து மறுபடி ஊற்றுவார்கள். நம் வண்ணார் துறைகளில் உவர்மண் தோய்த்து வெள்ளாவி வைத்த முறைக்கு இது உறவு என்றே சொல்லலாம். பிறகு ஆற்றில் அலசி, மரக்கட்டையால் அடித்து, புல்வெளியில் வெயிலில் விரித்து வெளுப்பார்கள். சிறு துணிகளை வேலிப் புதர்களின் மேல் போடுவார்கள். அந்த வேலி ரோஸ்மேரியாகவோ லாவெண்டராகவோ இருந்தால் வெயில் சூட்டில் இளகிய எண்ணெய் துணியில் ஏறும். சாம்பல் நெடி மாறித் துணி மணக்கும்.

அடுத்த பெருந்துவைப்பு வரை துணி ஓக் மரப்பெட்டியில் கிடக்க வேண்டும். ஈரக் காற்றும் இருட்டும் நிறைந்த அந்தப் பெட்டியில் பூசண வாடையும் அந்துப்பூச்சியும் வருவது இயல்பு. காய்ந்த லாவெண்டர்க் கொத்துகளையும், பூவை உருவி நிரப்பிய சிறு சுருக்குப்பைகளையும் மடிப்புகளுக்கு இடையில் வைக்கும் பழக்கம் இப்படித்தான் நிலைத்தது. துணி துவைப்பவளின் உழைப்பு வீணாகாமல் காக்கும் கடைசி வேலை அது. வீட்டுக்கு வரும் விருந்தாளி லாவெண்டர் மணக்கும் விரிப்பில் படுத்தால் அந்த வீட்டுப் பெண்ணின் கைத்திறம் ஊருக்குத் தெரியும். சத்திரங்களுக்கும் இதே அளவுகோல்தான். 1653இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் ஐசக் வால்டனின் தூண்டில் நூலில், நம்பித் தங்கத்தக்க சத்திரத்தின் அடையாளங்களில் ஒன்றாக லாவெண்டர் வருகிறது.

இந்தச் செடியின் உண்மையான பயன் எது என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவர் லண்டன் மருந்தாளரும் தோட்டக்கலைஞருமான ஜான் பார்க்கின்சன். இங்கிலாந்தில் லாவெண்டர் ஏறத்தாழ முழுவதும் துணி, உடை, கையுறை, தோல் ஆகியவற்றுக்கு வாசனை ஊட்டவே செலவாகிறது என்று 1629ஆம் ஆண்டு நூலில் குறித்த பிறகுதான் அவர் மருத்துவப் பயனுக்கு வந்தார். மூலிகை நூல்கள் நோய்ப் பட்டியலை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், விளைச்சல் எங்கே போகிறது என்று பார்த்து எழுதிய அவருடைய நேர்மை மதிக்கத்தக்கது.

மருத்துவப் பயன்களும் பெரும்பாலும் தலையைச் சுற்றியே அமைந்தன. குளிர்ச்சியால் மூளை மந்தமாகிறது, சூடான மணப்பொருள் அதை உலர்த்தித் தெளியவைக்கிறது என்பது அன்றைய உடலியல் நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டின் ஆங்கில மூலிகை நூலாசிரியர் வில்லியம் டர்னர், லாவெண்டர்ப் பூவைத் துணிக்குல்லாவின் இரு மடிப்புகளுக்கு நடுவே வைத்துத் தைத்து நாள்தோறும் அணிந்தால் குளிரால் வரும் தலைநோய்கள் தீரும் என்று எழுதினார். 1597இல் மற்றொரு மூலிகை நூலாசிரியரான ஜான் ஜெரார்டு, வடித்த லாவெண்டர் நீரை நெற்றியிலும் பொட்டிலும் தடவச் சொன்னார். ஆனால் காய்ச்சல்காரருக்கு இத்தகைய சூடான சரக்குகளைக் கொடுக்கும் துணிச்சல்கார மருந்துக்கடைக்காரர்களை அவரே கண்டித்தார். 1652இல் மூலிகை மருத்துவர் நிக்கலஸ் கல்பெப்பரும் ஸ்பைக் எண்ணெயின் வீரியத்தை எச்சரித்து, சில துளிகள் போதும் என்றார். லாவெண்டர் தீங்கே அறியாத சாதுவான செடி என்ற எண்ணம் பிற்காலத்தது. பழைய மருத்துவர்கள் அதைச் சற்று அஞ்சியே கையாண்டார்கள்.

பெரிய வீடுகளில் சமையலறைக்குப் பக்கத்தில் வடிப்பறை என்று ஒன்று இருந்தது. தீநீர், பாகு, ஊறல், சோப்பு உருண்டை எல்லாம் அங்கேதான் தயாராகும். வீட்டுத் தலைவியே அதற்குப் பொறுப்பு. அவள் தன் கைப்பட எழுதிய குறிப்பேட்டில் சமையல் பக்குவமும் மருந்துப் பக்குவமும் அடுத்தடுத்து இருக்கும். அறையில் நோயாளி கிடந்தால் லாவெண்டர்த் தண்டுகளைக் கனலில் போட்டுப் புகை போடுவதும், பூவை வினிகரில் ஊறவைத்துத் தரையைத் துடைப்பதும் வழக்கம். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கொள்ளைநோய் வந்தபோதெல்லாம் மணமூலிகைகளுக்குத் தேவை ஏறியது.

17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் சாராய வடிப்பு பெருகியபோது லாவெண்டரின் உருவம் மாறியது. எண்ணெய் நீரில் கரையாது, ஆனால் தெளிந்த சாராயத்தில் கரையும். அப்படிக் கரைத்த லாவெண்டர் வாட்டர் கைக்குட்டையில் தெளிக்கவும் முகத்தில் ஒற்றவும் ஏற்ற, குப்பியில் விற்கத்தக்க சரக்கானது. வீட்டு வடிப்பறையில் செய்தது கடையில் வாங்கும் பொருளாக மாறிய இடம் இதுதான்.

இதே காலத்தில் ஆங்கிலேய மருந்துப்பெட்டியில் இடம்பிடித்த சிவப்பு லாவெண்டர்ச் சொட்டு மருந்துக்கும் தென்னிந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லாவெண்டர் எண்ணெய், ரோஸ்மேரி எண்ணெய், இலவங்கப்பட்டை, சாதிக்காய் ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, செஞ்சந்தனக் கட்டையால் சிவப்பேற்றியது அந்த மருந்து. பிரிட்டிஷ் மருந்து நூலில் கூட்டு லாவெண்டர்க் கஷாயச் சாராயம் என்ற வகையில் இது ஏறியிருந்தது. மயக்கம், படபடப்பு, வயிற்றுப் பொருமல் எல்லாவற்றுக்கும் சர்க்கரைக் கட்டியில் சில சொட்டு விட்டுக் கொடுப்பார்கள். செஞ்சந்தனம் தரும் செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர்ப் பக்கத்திலும் அதை அடுத்த தமிழகக் குன்றுகளிலும் மட்டுமே. இலங்கைக் கரையின் பட்டையும் மலுக்குத் தீவுகளின் சாதிக்காயும் இந்தக் காட்டுக் கட்டையும் கப்பலேறிப் போய் இங்கிலாந்தில் விளைந்த லாவெண்டரின் எண்ணெயோடு கலந்தன. அந்தச் சொட்டு மருந்தின் நிறம் லாவெண்டருடையது அன்று, நம் பக்கத்துக் காட்டு மரத்தினுடையது.

பெருகிய தேவையை ஈடுகட்டிய ஊர்களில் தலையாயது லண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தில் இருந்த மிட்சம். நீர் வடியும் மணற்சரளைக்கு மேல் கரிய மண் படிந்த நிலம் அது. தலைநகரச் சந்தைக்கு ஒரு வண்டிப் பயண தூரம்தான். எஃப்ரைம் பாட்டரும் வில்லியம் மூரும் 1749இல் அங்கே மருந்துச்செடித் தோட்டமும் வடிப்புச் சாலையும் தொடங்கினர். லாவெண்டரோடு மிளகுக்கீரைப் புதினா, கெமொமில், ரோஜா, அதிமதுரம் எல்லாம் அங்கே வயல்வயலாக விளைந்தன. மூர் குடும்பத்து ஜேம்ஸ் மூரின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், நிறுவனம் பல நூறு ஏக்கரில் பயிரிட்டது. மிட்சம் எண்ணெய்க்குப் பிரெஞ்சு எண்ணெயைவிடப் பல மடங்கு விலை கிடைத்தது. கற்பூர நெடி குறைந்த அதன் மென்மணத்தை வாசனைத் தொழில் செய்வோர் தனியே கேட்டு வாங்கினர்.

விதை போட்டால் செடிக்குச் செடி குணம் மாறும் என்பதால் நல்ல தாய்ச்செடியிலிருந்து போத்து கிள்ளி நட்டார்கள். சில ஆண்டுகளில் செடி அடிமரம் தடித்து நடுவில் பிளந்துவிடும். அப்போது பிடுங்கிவிட்டுப் புதிதாக நடவேண்டும். அறுவடை ஆகஸ்ட் மாதம். மழையில் நனைந்த பூவில் எண்ணெய் குறையும், வெயில் முற்றினாலும் பறந்துவிடும். ஆகவே வானம் பார்த்து வேலை தொடங்கும். கதிர் அரிவாளால் பெண்களும் நாடோடிக் கூலிகளும் அறுத்து, வெயில் படாமல் பாயில் சுருட்டிக் கட்டி வடிப்புச் சாலைக்கு அனுப்புவார்கள். கொத்தோடு தேனீக்களும் சுருண்டு வருவதால் கை கொட்டுப்படாத நாள் அரிது.

வடிப்புச் சாலையில் ஆளுயரச் செம்பு வாலைகள் இருந்தன. அறுத்த பூவை உள்ளே கொட்டி, ஆட்கள் ஏறி மிதித்து அமுக்குவார்கள். இடைவெளி இருந்தால் ஆவி அதன் வழியே தப்பிவிடும், எண்ணெயைப் பிடித்துக்கொண்டு வராது. மூடியைப் பொருத்திச் சந்துகளை அடைத்துத் தீ மூட்டியதும் ஆவி எழுந்து அன்னக் கழுத்துபோல் வளைந்த குழாய் வழியே போகும். குளிர்நீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் சுருள்குழாயில் அது குளிர்ந்து, நீரும் எண்ணெயும் கலந்த ஒழுக்காக வெளியே விழும். எண்ணெய் இலேசானது, மேலே மிதக்கும். வெளிர் மஞ்சளான அந்த மெல்லிய படலத்துக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அடியில் தங்கும் தீநீரிலும் கொஞ்சம் மணம் இருக்கும்.

எல்லாப் பூவும் வாலைக்குப் போகவில்லை. ஒரு பகுதி கொத்தாகக் கட்டப்பட்டு லண்டன் தெருக்களுக்குப் போனது. ஒரு பென்னிக்கு இத்தனை கொத்து என்று ராகம் போட்டுக் கூவி விற்ற பெண்களின் குரல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அந்நகரத்துக் கோடையின் அடையாளமாக இருந்தது. இவர்களில் ரோமா நாடோடிக் குடும்பப் பெண்கள் பலர். வாடகை வீட்டு ஒற்றையறையில் தோட்டம் ஏது? வேலி ஏது? கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த தொழிலாளி மனைவியின் துணிப்பெட்டிக்குப் பழைய வாசனை அந்தப் பென்னிக் கொத்தில்தான் வந்து சேர்ந்தது. விக்டோரியா அரசிக்கும் லாவெண்டர் பிடிக்கும். மிட்சமுக்கு அருகிலுள்ள வாலிங்டனில் சொந்தமாக வடிப்பு நடத்திய சேரா ஸ்ப்ரூல்ஸ் என்ற பெண் அரண்மனைக்கு லாவெண்டர் எண்ணெய் வழங்கும் உரிமை பெற்றார்.

இத்தொழில் வீழ்ந்ததற்கு ஒரே காரணம் இல்லை. ரயில் வந்ததும் லண்டன் தெற்கே விரிந்தது. பூ விளைந்த நிலம் வீட்டுமனைக்கு அதைவிட அதிக விலை போனது. கூலி ஏறியது. ஷேப் எனப்பட்ட பூஞ்சைநோய் கிளை கிளையாகச் செடிகளைக் கருக்கியது. ஒரே தாய்ச்செடியின் போத்துகளாக வயல் முழுதும் இருந்ததால் நோய்க்குத் தடையே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வயல்கள் தெற்கே தள்ளித்தள்ளிப் போய் மெல்ல ஒழிந்தன. பாட்டர் அண்ட் மூர் என்ற வணிகப்பெயர் மட்டும் கைமாறித் தொடர்ந்தது. மிட்சம் இன்று அடங்கியுள்ள மெர்ட்டன் நகராட்சியின் சின்னத்தில் லாவெண்டர் இருக்கிறது. இங்கிலாந்தில் பயிர் மறுபடி பெரிய அளவில் காலூன்றியது நார்ஃபோக் மாவட்டத்து ஹீச்சமில், 1932இல் லின் சில்வர்ஸ் நட்ட தோட்டத்தில்.

பிரான்சின் புரோவான்ஸ் மலைப்பகுதியில் கதை நேர்மாறாக நடந்தது. அங்கே நெடுங்காலம் யாரும் லாவெண்டரை நடவே இல்லை. வான்டூ, லூர் மலைச்சரிவுகளில் அது தானாக விளைந்தது. கோடையில் ஆட்டிடையரும் பெண்களும் பிள்ளைகளும் அரிவாளோடு ஏறி அறுத்து மூட்டை கட்டி இறக்கினர். கழுதை முதுகில் ஏற்றிச் செல்லத்தக்க சிறு செம்பு வாலையை ஓடைக்கரையில் நிறுத்தி அங்கேயே வடித்துவிடுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மலைக் கிராமத்தார் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு இறங்கினர். அவர்கள் கைவிட்ட தானிய வயல்களில் லாவெண்டர் பரவியது. மனிதர் வெளியேறியதால் பெருகிய செடி, எஞ்சியிருந்த மனிதருக்குப் பிழைப்பானது.

இந்த எண்ணெயை விலைகொடுத்து வாங்கியவர்கள் கிராஸ் நகரத்து வாசனைத் தொழில் செய்வோர். கிராஸ் முதலில் தோல் பதனிடும் ஊர். பதனிட்ட தோலின் நாற்றத்தைப் போக்கக் கையுறைகளுக்கு மணமேற்றும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே வளர்ந்து, கடைசியில் தோலைவிட மணமே பெரிய தொழிலானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய ஊக்குவிப்பில் காட்டுச்செடி வயல்பயிராக மாறத் தொடங்கியது.

புரோவான்ஸ் பெண்கள் துணிப்பெட்டிக்கென்று செய்த ஒரு கைவேலை தனியே சொல்லத்தக்கது. அதைக் கதிர்க்குச்சி என்று சொல்லலாம். புதிதாக அறுத்த, வளைத்தால் ஒடியாத காம்புகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் எடுத்து, பூக்களுக்குச் சற்றுக் கீழே ரிப்பனால் கட்டுவார்கள். பிறகு கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, காம்புகளை ஒவ்வொன்றாகப் பூவின் மேலே மடக்குவார்கள். காம்புகள் கூண்டுபோலப் பூவைச் சூழ்ந்து நிற்கும். ரிப்பனை ஒரு காம்புக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக விட்டுச் சுற்றிச் சுற்றிப் பின்னுவார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மேல் கீழாகவும் கீழ் மேலாகவும் தானே மாறிப் பாய்ப்பின்னல் அமையும். பூ உள்ளே அடைபட்டிருப்பதால் துணியில் தூள் உதிராது. மணம் குறையும்போது குச்சியைக் கையால் இலேசாக அழுத்தினால் போதும். கன்னிப்பெண்ணின் சீர்த்துணி அடுக்கிய பெட்டியில் இவை தவறாமல் இருக்கும். உணவில் மட்டும் லாவெண்டருக்குப் பழைய புரோவான்சில் இடம் குறைவு. தேனீ வழியாகத் தேனில் வந்ததே பெரும்பங்கு.

லாவெண்டரின் மருத்துவப் புகழ் 20ஆம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றதற்கு லியோன் நகரத்து வேதியியலாளர் ரெனே மொரிஸ் கட்ஃபோசே காரணம். 1910இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வெடிவிபத்து நேர்ந்து கைகள் தீய்ந்தன. எதேச்சையாக லாவெண்டர் எண்ணெய்த் தொட்டியில் கையை முக்கினார், புண் மாயமாய் ஆறியது என்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. அவர் எழுதியது வேறு. தீப்புண்ணில் அழுகல் பற்றிய பிறகு, லாவெண்டர் எண்ணெயால் தெரிந்தே கழுவினார், அழுகல் நின்றது. வாசனைத் தொழில் குடும்பத்தில் பிறந்து எண்ணெய்களின் கிருமிநாசினிக் குணத்தை அறிந்த ஒருவரின் சோதனை அது. எதேச்சை என்று சொல்வது அவருடைய அறிவைக் குறைத்துச் சொல்வதாகும். 1937இல் அவர் வெளியிட்ட அரோமாதெரபி என்ற நூல் ஒரு துறைக்கே பெயர் தந்தது. பிரெஞ்சு ராணுவ மருத்துவர் ஜான் வால்னே 1964ஆம் ஆண்டு நூலின் வழியே அதைப் பரப்பினார். தலையணையில் இரண்டு சொட்டு, குளியல் நீரில் நான்கு சொட்டு என்ற இன்றைய வீட்டுப் பழக்கம் இந்த வழியில் வந்தது.

புரோவான்சில் அப்போது வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அசல் லாவெண்டரும் ஸ்பைக்கும் சந்திக்கும் நடு உயரங்களில் தேனீக்கள் மகரந்தம் கலந்ததால் இயற்கையாகவே கலப்பினம் பிறந்திருந்தது. அதுதான் லாவண்டின். விதை முளைக்காது, போத்தில்தான் பெருக்க வேண்டும். ஆனால் செடி பருத்தது, தாழ்நிலத்திலும் வளரும், ஒரு ஹெக்டேருக்கு எண்ணெய் பல மடங்கு கிடைக்கும். 1930களில் அப்ரியல் என்ற வகையும், 1970களில் பியர் குரோசோ என்ற விவசாயி கண்டெடுத்த குரோசோ வகையும் பரவின. வலான்சோல் மேட்டுநிலத்தில் இயந்திரம் ஓட்டி அறுக்க வசதியாக நேர்வரிசையில் நட்டார்கள். சுற்றுலாப் படங்களில் கண்கொள்ளாமல் விரியும் ஊதா வயல்கள் பெரும்பாலும் இந்த லாவண்டின்தான். அசல் மலை லாவெண்டரைக் காக்க, கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் விளைந்த எண்ணெய்க்குப் பிரான்ஸ் 1981இல் பிறப்பிடக் குறியீடு அளித்தது.

லாவண்டினில் கற்பூர நெடி கூடுதல். உயர்ந்த அத்தருக்கு அது ஒவ்வாது. சோப்பு, சலவைத்தூள், தரை கழுவும் திரவம் ஆகியவற்றின் கார நெடியை மேவ அதுவே பொருத்தம். லாவெண்டர் மணத்தின் முதன்மைக் கூறுகளான லினலூல், லினலைல் அசிட்டேட் இரண்டும் தொழிற்சாலையில் செயற்கையாகவும் தயாராகின்றன. இன்று கடையில் வாங்கும் லாவெண்டர் மணச் சலவைத்தூளில் வயல் பூவின் பங்கு சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம். ஆனாலும் சலவைத் துணிக்கு எந்த மணம் பொருந்தும் என்ற முடிவை வேலிப் புதரில் துணி உலர்த்திய பெண்கள் எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலை அதை மாற்றவில்லை. தமிழ் வீடுகளில் பலருக்கு லாவெண்டர் அறிமுகமானது யார்ட்லி பவுடர் டப்பாவின் வழியே. லண்டனில் தொடங்கிய அந்த வணிகப்பெயரின் ஆசிய உரிமையை 2009இல் இந்தியாவின் விப்ரோ நிறுவனம் வாங்கியது.

பழைய பயன்களில் எது தேறும் என்பதை ஆய்வுகள் இப்போது சோதித்துவருகின்றன. தேர்வுகளில் ஓரளவு தாக்குப்பிடித்திருப்பது மனப்பதற்றத்தைத் தணிக்கும் குணம். 80 மில்லிகிராம் எண்ணெய் அடைத்த உறைமாத்திரை ஜெர்மனியில் மருந்தாக விற்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு 2012இல் லாவெண்டரை, லேசான மன அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் மரபு வழிப் பயன்பாட்டின் அடிப்படையில் ஏற்றது. அந்துப்பூச்சி விஷயத்தில் நிலைமை அவ்வளவு நம்பிக்கையாக இல்லை. கம்பளியை அரிப்பது பறக்கும் பூச்சி அன்று, அதன் புழு. மணம் பூச்சியைச் சற்று விலக்கலாம், துணியில் ஏற்கெனவே இட்ட முட்டையையும் புழுவையும் கொல்லாது. உதறி, வெயிலில் காயவைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பழைய வீடுகள் இரண்டையும் சேர்த்தே செய்தன. காற்றுப்பட்டு நாட்பட்ட எண்ணெயில் லினலூல் மாறித் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதும் இப்போது தெரியும். ஆகவே குப்பியை இறுக மூடி நிழலில் வைப்பதும், நேரடியாகத் தோலில் தடவாமல் தேங்காயெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்து பூசுவதும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் நல்லது. பூனைகளுக்கு இந்த எண்ணெய் ஆகாது.

பயிரின் இருப்பிடமும் மீண்டும் நகர்ந்துவருகிறது. பிரெஞ்சு வயல்களில் தத்துப்பூச்சி பரப்பும் ஒருவகை நுண்ணுயிர் நோயால் செடிகள் வாடின. ரோஜா எண்ணெய்க்குப் பேர்போன பல்கேரியா 2010களில் அசல் லாவெண்டர் எண்ணெய் உற்பத்தியில் பிரான்சை முந்தியது. இந்தியாவில் ஜம்மு நகரத்திலுள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம் நாற்றுகளையும் வடிப்புக் கலங்களையும் கொடுத்து, டோடா மாவட்டத்துப் பதர்வாவில் மக்காச்சோளம் விளைத்த சிறு விவசாயிகளை லாவெண்டருக்குத் திருப்பியது. அங்கே 2022இல் லாவெண்டர் திருவிழா நடந்தது. குளிரும் சரிவும் வடிகால் நிலமும் அங்கே பயிருக்கு ஒத்துவருகின்றன. ஆடுமாடுகள் மேயாததும் மலைவாசிகளுக்கு வசதி. பூத்த வயல்களை அறுத்து எண்ணெயாக வடிப்பதோடு, உலர்பூவையும் சுருக்குப்பைகளில் கட்டி விற்கிறார்கள்.